மூட்டையின் மேல் எழுதும் பெயர்: ஆவணக் கோப்புகளும் அவற்றின் தலைப்புப் பதிவுகளும்
(நினைவுச் சொற்பொழிவு, சோழவந்தான்)



நினைவுச் சொற்பொழிவில் கணினிக் கோப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இதே மேடையில் இலக்கியம் பேசியிருக்கிறோம், வரலாறு பேசியிருக்கிறோம், வழக்குகளைப் பேசியிருக்கிறோம். இன்று அந்த மூன்றையும் சுமந்து நிற்கும் மூட்டையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம்மில் பலரிடம் ஒரு சேகரிப்பு இருக்கிறது. நின்றுபோன சிற்றிதழ்களின் பக்கங்கள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள், ஆட்சியரிடம் கொடுத்த மனுக்களின் நகல்கள், ஊர்வலப் புகைப்படங்கள், கிழவிகள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவு. ஒரு காலத்தில் இவை டிரங்குப் பெட்டியில் இருந்தன. இப்போது ஸ்கேன் செய்து, ஜிப் கோப்பாகக் கட்டி, பென் டிரைவிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருக்கிறோம். வைத்துவிட்டோம், இனி அழியாது என்று நம்புகிறோம். சேர்த்து வைப்பதும் பாதுகாப்பதும் ஒன்றல்ல. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்த மூட்டையை அவிழ்க்கும்போது, உள்ளே இருப்பது என்ன, யாருடையது, எப்போதையது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும் சிறு குறிப்பு கோப்போடு கூடவே எழுதப்படுகிறது. அதை ஹெடர், அதாவது தலைப்புப் பதிவு என்கிறார்கள். அதில் என்ன எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது, யார் எழுதுகிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

1. தலைப்புப் பதிவு என்பது என்ன?

நம் ஊர் வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை கூடையில் அடுக்கப்பட்டு வெளியூர் போகிறது. கூடையைப் பிரிக்காமலே எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று தெரிய ஒரு சீட்டு வேண்டும். வெற்றிலை சரக்கு என்றால் சீட்டு விவரம். கணினியில் சரக்கைத் தரவு என்றும், சீட்டில் உள்ளதை மெட்டாடேட்டா என்றும் சொல்கிறார்கள். தரவைப் பற்றிய தரவு.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஒரு தலைப்புப் பதிவுதான். அந்தக் குறியீட்டில் ஊரின் பெயர் இருக்கிறது. கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சியவர், கிள்ளியவர், அடுக்கியவர் யார் என்பதற்கு அதில் இடம் இல்லை. எந்தச் சீட்டிலும் சில கட்டங்கள்தான் இருக்கும். எந்தக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதைச் சீட்டை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். சமூகவியல் படித்தவர்கள் இதை வகைப்படுத்தலின் அதிகாரம் என்பார்கள். கணினியிலும் அதே அதிகாரம் வேலை செய்கிறது. அங்கே அதைப் பைட் கணக்கில் அளந்தே பார்த்துவிடலாம்.

2. டார்: 512 பைட்டில் ஒரு சீட்டு

பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் வடிவங்களில் பழையதும் இன்னும் புழங்குவதும் டார். காந்த நாடாவில் ஆவணங்களைச் சேமிப்பதற்காக யுனிக்ஸ் கணினிகளில் 1979-இல் வந்தது. நாடா ஆவணம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அந்தப் பெயர். 1988-இல் இதற்குப் பொதுத் தரம் வகுத்தார்கள்.

டார் கட்டும் முறை எளிது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் நீளத்தில் ஒரு தலைப்புப் பதிவு. அதற்குப் பின் கோப்பின் உள்ளடக்கம். அதன் பின் அடுத்த கோப்பின் தலைப்பு, அதன் உள்ளடக்கம். கடைசியில் இரண்டு வெற்றுக் கட்டங்கள் வந்தால் மூட்டை முடிந்தது என்று பொருள்.

அந்த 512 பைட்டுக்குள் ஒவ்வொரு விவரத்துக்கும் அளந்த இடம் உண்டு. கோப்பின் பெயருக்கு 100 பைட். யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதிக் குறிக்கு 8. உடையவரின் எண்ணுக்கு 8, அவர் சேர்ந்த குழுவின் எண்ணுக்கு 8. கோப்பின் அளவுக்கு 12. கடைசியாகத் திருத்திய நேரத்துக்கு 12. சரிபார்ப்புத் தொகைக்கு 8. இது சாதாரணக் கோப்பா, கோப்புறையா, இணைப்பா என்று சொல்ல 1. பிற்பாடு வந்த தரத்தில் உடையவரின் பெயரை எழுத்தில் எழுத 32 பைட்டும், நீளமான பாதைப் பெயருக்கு மேலும் 155 பைட்டும் சேர்த்தார்கள். எண்களை எட்டின் அடிமானத்தில், எழுத்தாகவே எழுதுவார்கள்.

டாருக்குப் பொருளடக்கம் கிடையாது. நூறாவது கோப்பு வேண்டுமென்றால் முதல் தலைப்பைப் படித்து, அது சொல்லும் அளவைத் தாண்டி, இரண்டாவது தலைப்புக்குப் போய், இப்படியே நடக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பும் தன் சீட்டைத் தானே சுமக்கிறது. நடுவில் ஒன்று கெட்டாலும் மற்றவற்றின் சீட்டு அவற்றிடமே இருக்கிறது.

சரிபார்ப்புத் தொகை என்றேனே, அது தலைப்பில் உள்ள பைட்டுகளைக் கூட்டி எழுதும் தொகை. தலைப்பு கெட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். உள்ளடக்கம் கெட்டிருந்தால் அதற்குத் தெரியாது. டார் சீட்டைக் காக்கிறது, சரக்கைக் காப்பதில்லை.

3. ஜிப்: இரண்டு பதிவேடுகள்

நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜிப். பில் காட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருளாளர் 1989-இல் கொண்டுவந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளான பி, கே என்ற இரண்டும் இன்றைக்கும் ஒவ்வொரு ஜிப் பதிவின் முகப்பிலும் இருக்கின்றன. வேர்ட் ஆவணம், மின்னூல்களின் ஈபப் வடிவம், ஆண்ட்ராய்டு செயலி எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். நாம் அறியாமலே தினமும் பத்து மூட்டைகளைப் பிரித்துக் கட்டுகிறோம்.

ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பதிவுகள் உண்டு. முதலாவது, கோப்பின் பக்கத்திலேயே இருக்கும் உள்ளூர்த் தலைப்பு. அதில் நிலையான பகுதி 30 பைட்; அதன்பின் பெயர் வரும். பிரிப்பதற்கு எந்தப் பதிப்பு வேண்டும், எந்த முறையில் சுருக்கியது, திருத்திய நேரம், தேதி, உள்ளடக்கத்தின் சரிபார்ப்பு எண், சுருக்கிய அளவு, உண்மையான அளவு, பெயரின் நீளம் ஆகியவை அதில் இருக்கும். இரண்டாவது, மூட்டையின் கடைசியில் இருக்கும் மைய அடைவு. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் 46 பைட்டும் பெயரும் கொண்ட இன்னொரு பதிவு. அதில் மேற்சொன்னவற்றோடு, அந்தக் கோப்பின் உள்ளூர்த் தலைப்பு மூட்டையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியும், விரும்பினால் எழுதிக்கொள்ள ஒரு குறிப்புரையும் உண்டு. அதற்கும் பின்னால் 22 பைட்டில் ஒரு முடிவுப் பதிவு: மைய அடைவு எங்கே தொடங்குகிறது, மொத்தம் எத்தனை கோப்பு என்று சொல்லும்.

ஜிப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கமாக மூட்டையின் வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்கும். முடிவுப் பதிவைப் பார்க்கும், மைய அடைவுக்குப் போகும், அங்கே உள்ள பட்டியலைத் திரையில் காட்டும். மைய அடைவில் பெயர் இருந்தால்தான் கோப்பு இருப்பதாகக் கணக்கு. அங்கே ஒரு பெயரை எடுத்துவிட்டால் கோப்பு மூட்டைக்குள் முழுதாகக் கிடக்கும், தன் உள்ளூர்த் தலைப்போடு கிடக்கும். ஆனால் திறப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ஜிப்பின் சரிபார்ப்பு எண் டாருக்கு நேர்மாறானது. அது உள்ளடக்கத்தைக் காக்கிறது, தலைப்பைக் காப்பதில்லை. உள்ளே ஒரு எழுத்து மாறினால் கண்டுபிடித்துவிடும். பெயரையோ தேதியையோ ஒருவர் மாற்றி எழுதினால் அந்த எண் வாய் திறக்காது.

4. மைய அடைவிலிருந்து விழுந்த நிலம்

இந்த அமைப்பைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் 1891-இல் அனுப்பிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30 அரசாணையும் உங்களுக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்கு விற்கக் கூடாது. அந்த நிபந்தனை நிலத்தின் மண்ணில் எழுதியிருக்கவில்லை. பதிவேட்டின் ஒரு கட்டத்தில் எழுதியிருந்தது. புல எண், பரப்பு, தீர்வை ஆகியவை சரக்கின் அளவுகள் என்றால், நிபந்தனைக் குறிப்பு அந்த நிலத்தின் மெட்டாடேட்டா.

பதிவேடு நகலெடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் நகலில் ஏற வேண்டும். 1979-இல் தொடங்கி 1980-கள் வரை நடந்த, யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டபோது பழைய நிபந்தனைக் குறிப்புகள் பல புதியதில் ஏறவில்லை என்பது நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து வைத்துவரும் குற்றச்சாட்டு. நிலம் அங்கேயே இருக்கிறது. புல எண் இருக்கிறது. குறிப்பு மட்டும் இல்லை. குறிப்பு இல்லாததால் அது சாதாரணப் பட்டா நிலம். அந்த ஒரு கட்டத்துக்காக 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். விவரக் குறிப்பு என்பது அலுவலகச் சமாச்சாரம் என்று நம்மால் ஒதுக்க முடியாததற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஜிப் நமக்கு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. மைய அடைவு அழிந்துபோன மூட்டையை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை வாலைப் பார்ப்பதில்லை. முதல் பைட்டிலிருந்து வரிசையாகத் தேடி, பி, கே என்ற அடையாளம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று, உள்ளூர்த் தலைப்புகளைப் படித்து, பட்டியலைப் புதிதாக எழுதுகின்றன. நில மீட்புத் தோழர்கள் செய்வதும் அதுதான். இன்றைய கணக்கில் இல்லாததைப் பழைய அ பதிவேட்டிலும் செட்டில்மென்ட் பதிவேட்டிலும் தேடுகிறார்கள். மையம் மறந்ததை உள்ளூர்ப் பதிவு நினைவில் வைத்திருக்கும். அந்த உள்ளூர்ப் பதிவையும் நாம் தொலைத்துவிட்டால் மீட்பதற்கு வழியே இல்லை.

5. தமிழில் பெயர் எழுதினால் என்ன ஆகிறது?

இனி நம் மொழிக்கு வருவோம். டார் தலைப்பில் பெயருக்கு 100 பைட் என்றேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். நூறு எழுத்து எழுதலாம். யூனிகோட் தமிழில், இன்று வழக்கில் உள்ள யு.டி.எஃப்.8 முறைப்படி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். 'சோழவந்தான்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். 'ஒரு பைசாத் தமிழன்' என்று எழுதினால் இரண்டு இடைவெளியையும் சேர்த்து 47 பைட். நூறு பைட்டுக்குள் 33 குறியீடுதான் அடங்கும். சுமார் இருபது தமிழ் எழுத்து. பழைய மென்பொருள் அதற்கு மேல் இருந்தால் வெட்டிவிடும் அல்லது மறுத்துவிடும். அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த அளவுக்குள் எல்லோருடைய பெயரும் சமமாக அடங்குவதில்லை. 2001-இல் தரப்படுத்திய பேக்ஸ் என்ற விரிவாக்கம் பெயரின் நீளத் தடையை நீக்கியது.

ஜிப்பில் சிக்கல் வேறு மாதிரி. பெயரின் நீளம் அங்கே தடையில்லை. எந்த எழுத்துமுறையில் எழுதியது என்பதே தடை. தொடக்க காலத்தில் ஜிப் பெயர்களை ஐ.பி.எம். கணினியின் 437 என்ற குறியீட்டுப் பட்டியலின்படி எழுதியதாகக் கொண்டார்கள். அதில் ஆங்கிலம், சில ஐரோப்பிய எழுத்து, சில கிரேக்க எழுத்து, கோடு கட்டம் வரையும் குறிகள் உண்டு. தமிழ் இல்லை. பெயர் யு.டி.எஃப்.8-இல் எழுதப்பட்டது என்று சொல்ல ஒரே ஒரு பிட் கொண்ட கொடி 2006-இல்தான் தர ஆவணத்தில் சேர்க்கப்பட்டது. தலைப்பில் உள்ள பொதுக் கொடிகளில் 11 என்று எண்ணிட்டது அது. அந்தப் பிட் ஏற்றப்படாத மூட்டையில், 'ச' என்ற ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளும் ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு இரட்டைக் கோணக் குறி, மேலே இரு புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்து என்று மூன்று துண்டாகத் தெரியும். யூனிகோட் தமிழின் எல்லாக் குறியீடுகளும் ஒரே பைட்டில் தொடங்குவதால் மூன்று குறிக்கு ஒரு ஆல்பா வந்துகொண்டே இருக்கும். பென் டிரைவில் ஆல்பாவும் கோணக் குறியுமாகப் பெயர் கொண்ட கோப்புகளைப் பார்த்து, வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். உள்ளே ஒரு தமிழ்ப் பத்திரிகை இருக்கலாம்.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'சோ' என்பதை ச-வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக எழுதலாம். ச, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து எழுதிவைக்கும். அங்கிருந்து வரும் மூட்டையில் 'சோழவந்தான்' 33 பைட். வேறு கணினியில் கட்டியதில் 30 பைட். பெயரைத் தட்டித் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம்.

இவை எல்லாம் யூனிகோட் வந்த பிறகான கதை. அதற்கு முன் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துரு. நம் சிற்றிதழ்களில் பெரும்பகுதி அப்படித்தான் அச்சுக் கோக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளில் எந்த எழுத்துருவில் தட்டியது என்ற விவரம் எந்தத் தலைப்பிலும் இல்லை. தட்டிய தோழருக்கு மட்டும் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

6. வெண்மணி இல்லாத நாட்காட்டி

தேதிக் கட்டத்தைப் பாருங்கள். ஜிப் தன் தேதியை 16 பிட்டில் எழுதுகிறது: ஆண்டுக்கு ஏழு, மாதத்துக்கு நான்கு, நாளுக்கு ஐந்து. ஏழு பிட்டில் 0 முதல் 127 வரை எண்ணலாம். அது 1980-இலிருந்து எண்ணுகிறது. ஆக, 1980 முதல் 2107 வரைதான் அதற்குக் காலம். நேரத்தையும் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். எந்த நாட்டு நேரம் என்று சொல்லாது. டார், 1970 ஜனவரி 1-இலிருந்து கழிந்த விநாடிகளை எழுதுகிறது. அந்த நாளுக்கு முந்தியதை எழுத பழைய வடிவத்தில் வழியில்லை.

இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டது 1957 செப்டம்பர் 11. கீழவெண்மணி 1968 டிசம்பர் 25. அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் வந்தது 1907 ஜூன் 19, புதன்கிழமை. டாரின் காலம் தொடங்குவதற்கு 22,842 நாட்கள் முன்பு. இந்த வடிவங்களின் தலைப்பில் இந்த நாட்கள் எதற்கும் இடமில்லை.

இதில் சதி ஏதும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டம் கோப்பு எப்போது திருத்தப்பட்டது என்று சொல்லத்தான் ஏற்பட்டது. ஆவணம் எப்போது எழுதப்பட்டது என்று சொல்ல அல்ல. அந்த வேலைக்கு 1980-க்கு முந்தைய ஆண்டு தேவைப்படவில்லை. ஆபத்து நம் பக்கத்தில் இருக்கிறது. 1907 இதழை 2014-இல் ஸ்கேன் செய்தால் கோப்பின் தேதி 2014 என்று இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் வரிசைப்படுத்துவார், இன்னொருவர் மேற்கோள் காட்டுவார். ஆவணத்தின் நாளும் கோப்பின் நாளும் வேறு என்பதை நாம் எழுதி வைக்காவிட்டால் கணினி எழுதியதே நிற்கும்.

7. உடையவர் யார்? பெயரிட்டவர் யார்?

டார் தலைப்பில் உடையவர் என்று ஒரு கட்டம் உண்டு என்றேன். அதில் ஏறுவது எழுத்தாளரின் பெயர் அல்ல. மூட்டை கட்டிய கணினியில் அந்தக் கோப்பு யார் கணக்கில் இருந்ததோ அவர் பெயர். ஸ்கேன் செய்த கடைக்காரரின் கணினிப் பெயர் அதில் இருக்கும். பாடிய கிழவியின் பெயர் இருக்காது.

பெயரிடுவது நமக்குப் புதிய பிரச்சினை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சாதிக் கட்டத்தில் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதிய வேண்டும் என்று அயோத்திதாசர் வலியுறுத்தினார். படிவத்தின் கட்டத்தை நிரப்புவதோடு நிற்காமல், கட்டத்தையே கேள்வி கேட்டார் அவர். 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பின், அரசுப் பதிவுகளில் இழிவாகக் கருதப்பட்ட பெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணை வந்தது. அரசின் தலைப்புப் பதிவில் ஒரு கட்டத்தை மாற்ற நம் முன்னோர் சட்டமன்றம் வரை போனார்கள்.

அதே வரலாறு தேடுபவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலையும் வைக்கிறது. 1907-இல் வந்த 'ஒரு பைசாத் தமிழன்' அடுத்த ஆண்டே 'தமிழன்' ஆனது. 1914 மே 5-இல் அயோத்திதாசர் மறைந்தார். 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். கோப்புக்கு வெறுமனே 'தமிழன்' என்று பெயர் வைத்தால் எந்தத் தமிழன்? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தாள்களைப் பொத்திக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வெளிவந்தது. அதன் பிறகே பண்டிதர் மறுபடி பொதுவெளிக்கு வந்தார். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அவர் எழுத்து மூட்டைக்குள் முழுதாக இருந்தது. தமிழ்ச் சிந்தனையின் மைய அடைவில்தான் அவர் பெயர் இல்லை.

8. சாட்சியமும் ஆபத்தும்

வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு சொல். கைப்பேசிப் படத்தின் தலைப்பில் எடுத்த நேரமும், அமைப்பு திறந்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்தோ ஜிப்பாகக் கட்டியோ அனுப்பினால் படம் மாறாமல் போகும். எனவே மூலப் படத்தை எடுத்த கைப்பேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள்.

தலைப்பில் உள்ள தேதி மட்டுமே சாட்சியம் ஆகாது. அதை யாரும் ஒரு நொடியில் மாற்றலாம். அதனால்தான் சட்டம் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து வரும் கைரேகை அது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். சம்பவம் நடந்த அன்றே ஹாஷ் எடுத்துத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால், பிறகு வரும் 'திருத்திய படம்' என்ற வாதத்துக்குப் பதில் கையில் இருக்கும்.

இதே விவரம் நம்மைக் காட்டியும் கொடுக்கும். படம் எடுத்த பெண்ணின் வீடு எது என்று இடக் குறியீடு சொல்லிவிடும். மூட்டை கட்டியவரின் பெயரை உடையவர் கட்டம் சொல்லிவிடும். நீதிமன்றத்துக்குப் போகும் பிரதியில் விவரம் முழுதாக இருக்கட்டும். பத்திரிகைக்கும் பொதுவெளிக்கும் போகும் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள்.

அனுமதிக் குறியை நம்பியும் இருக்காதீர்கள். பிறர் படிக்கக் கூடாது என்று தலைப்பில் எழுதியிருந்தாலும், பிரிப்பவரின் கணினி மதித்தால்தான் அது செல்லும். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் 1950 முதல் எழுதியிருக்கிறது. எழுதியதை மதிக்க வைக்க ஊரில் ஆள் வேண்டியிருக்கிறது.

9. நாம் செய்ய வேண்டியவை

பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. ஒரு கணினியும் ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

ஒன்று, கோப்பின் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆவணத்தின் தேதியைப் பெயரிலேயே எழுதுங்கள். 1907-06-19 என்று தொடங்கும் பெயரை எந்த மென்பொருளும் சிதைக்காது, தானே காலவரிசையில் நிற்கும். தமிழ்ப் பெயர் முழுதாக வேண்டும். அதைத் தலைப்பின் குறுகிய கட்டத்தில் திணிக்காமல் அடுத்துச் சொல்லும் இடத்தில் எழுதுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு விவரக் கோப்பு வையுங்கள். அலங்காரம் இல்லாத வெறும் உரைக் கோப்பு, யூனிகோட் தமிழில். ஆவணத்தின் பெயர், எழுதியவர் அல்லது பாடியவர், ஊர், ஆவணத்தின் நாள், ஸ்கேன் செய்த நாள், செய்தவர், மூலத்தாள் யாரிடம் இருக்கிறது, எந்த எழுத்துரு, யாரிடம் அனுமதி பெற்றது. தலைப்பை வடிவமைத்தவர் நமக்குத் தராத கட்டங்களை நாமே போட்டுக்கொள்ளும் இடம் இது. உலக நூலகங்களும் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டப்ளின் நகரில் 1995-இல் தொடங்கிய டப்ளின் கோர் என்ற பட்டியலில் தலைப்பு, ஆக்கியவர், நாள், மொழி, உரிமை என்று பதினைந்து கட்டங்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்கு வேண்டியதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று, ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எடுத்து ஒரு பட்டியலாக மூட்டைக்குள் வையுங்கள். டார் தலைப்பை மட்டும் காக்கிறது, ஜிப் உள்ளடக்கத்தை மட்டும் காக்கிறது என்று பார்த்தோம். விவரக் கோப்புக்கும் சேர்த்து ஹாஷ் எடுத்தால் இரண்டையும் நாமே காக்கிறோம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போன்றவை பயன்படுத்தும் பேக்இட் முறையின் சாரம் இவ்வளவுதான்: ஒரு கோப்புறையில் சரக்கு, பக்கத்தில் ஹாஷ் பட்டியல், பக்கத்தில் விவரக் குறிப்பு.

நான்கு, மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து ஹாஷைச் சரிபாருங்கள். பட்டியலைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். மின்சாரம் இல்லாமல் படிக்கக்கூடிய உள்ளூர்த் தலைப்பு அது.

ஐந்து, விவரம் தெரிந்த பெரியவர்களிடம் இந்த ஆண்டே உட்காருங்கள். புகைப்படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்ல ஊரில் ஒருவர்தான் இருப்பார். அவரோடு அந்தக் கட்டம் என்றைக்குமாக வெற்றாகிவிடும்.

தோழர்களே, நம்மைப் பற்றி எழுதிய சீட்டுகளை நெடுங்காலம் பிறர்தான் எழுதினார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில், கிராமக் கணக்கில், காவல்நிலையப் பதிவில். அந்தச் சீட்டுகளைத் திருத்துவதற்கே நம் தலைவர்களின் வாழ்நாள் போயிற்று. இன்று நம் ஆவணங்களின் மேல் ஒட்டும் சீட்டை எழுதும் பேனா நம் கையிலேயே இருக்கிறது. கணினி தானாக எழுதியதோடு விட்டுவிடாமல், நாம் எழுத வேண்டியதை நாமே எழுதுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியிலிருந்து ஒரே ஒரு மூட்டையை எடுத்துத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.